சின்னவள் கொண்டுவந்த பேரிக்காய்ப் பாகு

கடையின் பின்வாசலில் சின்னவளின் வேன் வந்து நின்றால் உள்ளே யாருக்கும் வேலை ஓடாது. பாத்திரம் கழுவுகிறவர் ஈரக் கையோடு வாசலுக்கு வருவார். கல்லாவில் இருக்கும் அவள் கணவன் எழுந்து வருவான். அடுப்படியிலிருந்து அவன் அண்ணன் கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு என்னம்மா மாட்டுச்சு?" என்பார்.

பெரியவள் மட்டும் எழுந்து வரமாட்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தால் உரித்துக்கொண்டே இருப்பாள். காது மட்டும் பின்வாசலில் இருக்கும்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய சாப்பாட்டுக் கடை அது. அண்ணனுக்கு அடுப்பு, தம்பிக்குக் கல்லா. அண்ணன் மனைவி பெரியவள், கடை திறந்த நாளிலிருந்து சரக்கு எடுத்தவள். விடிவதற்குள் மொத்த மார்க்கெட்டுக்குப் போய், தக்காளியை அமுக்கிப் பார்த்து, மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, வியாபாரிகளோடு மல்லுக்கட்டி வாங்கி வருவாள். அவள் நாக்குக்குத் தப்பி எதுவும் அடுப்பேறியது கிடையாது.

தம்பி மனைவி சின்னவள், கல்யாணத்துக்கு முன்னால் பார்சல் கம்பெனியில் வேன் ஓட்டியவள். நகரத்தைச் சுற்றியிருந்த மண்பாதைகளும், பண்ணை வீட்டு நாய்களும் அவளுக்கு அத்துப்படி. கல்யாணமாகி வந்த பிறகு விடுமுறை நாளில் சும்மா இருக்கப் பிடிக்காமல் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முதல் தடவை வெண்ணெய் கொண்டுவந்தாள். சொந்தமாகச் சில மாடுகள் வைத்திருந்த ஒரு தம்பதி கடைந்த வெண்ணெய். அடுத்தது ஆட்டுப்பால் சீஸ். அப்புறம் மலைச்சரிவில் ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ் வளர்த்த காளான். கடை வாசலில் ஒரு கரும்பலகையை வைத்து, "இன்று வந்தது" என்று சாக்பீஸால் எழுத ஆரம்பித்தாள். ஜனங்கள் அதைப் படித்துவிட்டு உள்ளே வந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும், "இது எங்கிருந்து வருது?" என்று கேட்டார்கள். சின்னவள் மேசை மேசையாகப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நர்ஸம்மா காளானோடு எப்படிப் பேசுவார் என்று நடித்துக் காட்டினாள். சிரிப்புச் சத்தம் அடுப்படி வரைக்கும் வந்தது.

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் மார்க்கெட்டில் தொண்டை கிழியக் கத்தி வாங்கிய தக்காளியைப் பற்றி ஒருத்தராவது ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

இதில் ஒரு வாரப் பத்திரிகை வேறு வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனது. சீஸ் கட்டியைத் தூக்கிப் பிடித்தபடி சின்னவள் சிரிக்கும் படம் பக்கம் முழுக்க. தலைப்பு, "இந்தக் கடையின் நாக்கு இவர்தான்." படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரிந்தது. அது பெரியவளுடையது.

"உன் கையும் நல்லா வந்திருக்கு," என்றார் அவள் கணவர். ஆறுதலாகத்தான் சொன்னார். அன்று முழுக்க அவள் அவரோடு பேசவில்லை.

இத்தனைக்கும் சின்னவள் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் பெரியவள் முன்னால்தான் வைப்பாள். "அக்கா, இதைக் கொஞ்சம் வாயில போட்டுப் பாருங்களேன்." பெரியவள் வேண்டாவெறுப்பாக எடுத்துப் போட்டுக்கொள்வாள். "சுமார்தான்" என்பாள். எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதே "சுமார்தான்." ஆனாலும் சிலது பலகையில் ஏறும், சிலது ஏறாது. அது எப்படி என்று பெரியவள் யோசித்ததே இல்லை. 'பெரிய இவ, இவளே முடிவு பண்ணிக்கிறா' என்று மட்டும் நினைத்துக்கொள்வாள்.

கோடை முடிந்த சமயம் கொழுந்தன் அரிசி மூட்டையைத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். சின்னவளோடு போய்ப் பெட்டிகளை ஏற்றி இறக்க ஆள் இல்லை.

"நீ போயிட்டு வாயேன். உனக்கும் ஒரு மாறுதலா இருக்கும்," என்றார் கணவர்.

பெரியவள் போனாள். சின்னவள் அப்படி என்னதான் செய்கிறாள் என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அவளுக்கும் இருந்தது.

முதல் பண்ணையில் வெண்ணெய்க்காரர் மனைவி ஓடிவந்து சின்னவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டாவது இடத்தில் ஆட்டுக்குட்டி ஒன்று சின்னவளின் பாவாடையைக் கடித்து இழுத்தது. 'ஆடுகூட இவளைத்தான் தேடுது' என்று பெரியவள் உள்ளுக்குள் புகைந்தாள். வெயில் ஏறிவிட்டது. ஒரு மரத்தடியில் வேனை நிறுத்திவிட்டு, வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்த காபியை ஊற்றிக்கொண்டார்கள்.

ஒரு வாய் வைத்ததுமே பெரியவள் அதை ஜன்னலுக்கு வெளியே துப்பினாள். பால் திரிந்து, காபி புளித்து, நாற்றமே வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் சின்னவள் தம்ளரைக் காலி செய்துவிட்டு அடுத்த தம்ளர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அடியே, என்னத்தைக் குடிக்கிற நீ? கெட்டுப் போயிருக்கு, தெரியல?"

சின்னவளின் கை அப்படியே நின்றது. தம்ளரை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு மெதுவாகக் கீழே வைத்தாள்.

"தெரியலக்கா."

"என்னது, தெரியலயா?"

"போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்து ரெண்டு வாரம் படுத்திருந்தேனே, அதுலயே போயிடுச்சு. வாசனை சுத்தமா தெரியாது. இனிப்பு, உப்பு மட்டும் எங்கியோ தூரத்துல கேக்கற மாதிரி. மத்ததெல்லாம் அட்டையைத் தின்ன மாதிரிதான். அவருக்கு மட்டும் தெரியும். வெளியில சொன்னா கடைக்குக் கேவலம்னு சொல்லல."

"அப்புறம் எப்படிடீ எல்லாத்தையும் தேடிப் பிடிக்கிற?"

சின்னவள் கூச்சத்தோடு சிரித்தாள். "ஆளுங்களைப் பார்ப்பேன். விக்கறதுக்கு வச்சிருக்கறதை விட்டுட்டு, தன் வீட்டுக்குன்னு எதை எடுத்து வைக்கிறாங்கன்னு பார்ப்பேன். அதைக் கேட்டு வாங்கிட்டு வருவேன். கொண்டுவந்து உங்ககிட்ட குடுப்பேன்."

"நான்தான் எல்லாத்துக்கும் சுமார்னு சொல்றேனே."

"வாய் அப்படித்தான் சொல்லும். ஆனா நல்லா இருந்துச்சுன்னா உங்க இடது புருவம் ஒரு தடவை மேல போயிட்டு வரும். அது போனா போர்டுல எழுதிடுவேன். போகலைன்னா விட்டுடுவேன். உங்க முகத்தை வச்சுத்தான்க்கா இவ்வளவு நாளா ஓட்டிட்டு இருக்கேன்."

பெரியவளுக்கு முதலில் மனசு குளிர்ந்துதான் போனது. ஆக, கடையின் நாக்கு யார்? நான்தானே? வேன் கிளம்பி இரண்டு வளைவு திரும்புவதற்குள் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது. நாக்கு என்னுடையது, போட்டோ இவளுடையதா? கை தட்டல், கட்டிப்பிடிப்பு, ஆட்டுக்குட்டி எல்லாம் இவளுக்கு, எனக்கு முழங்கையா? விஷயம் தெரியாதபோது இருந்த பொறாமை நியாயமில்லாதது என்றாவது ஒரு உறுத்தல் இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது.

கடைசியாகப் போனது ஒரு பழைய லாரிக்காரரின் தோட்டத்துக்கு. லாரியை விற்றுவிட்டு, அப்பா வைத்த பேரி மரங்களோடு தனியாக இருந்தார். மனிதர் அதிகம் பேசமாட்டார். சின்னவள்தான் நாலைந்து தடவை சும்மாவே போய் உட்கார்ந்து பேச வைத்திருந்தாள். பேரிக்காயைப் பிழிந்து, சாற்றைப் பெரிய செப்பு அண்டாவில் ஊற்றி, விறகடுப்பில் நாளெல்லாம் சுண்டக் காய்ச்சினால் கறுப்பாக ஒரு பாகு வரும். அதுவரைக்கும் சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் கொடுத்திருந்தார். இந்த வருஷம் சின்னவள் கேட்டாள் என்பதற்காக மொத்த விளைச்சலையும் காய்ச்சப் போவதாகச் சொன்னார்.

"வாம்மா, வா வா," என்று அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக வந்தவர், பின்னால் பெட்டியோடு நின்ற பெரியவளைப் பார்த்தார். "இவங்க யாரு, உங்க அம்மாவா?"

சின்னவள் பதறிப்போய், "ஐயோ, எங்கக்கா! என் வீட்டுக்காரரோட அண்ணி," என்றாள். திரும்பும் வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள். நடுவில் ஒரு தடவை சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியவள் அதைப் பார்த்துவிட்டாள்.

பாகு காய்ச்சி முடிந்ததும் சின்னவள் முதல் பாட்டிலைக் கொண்டுவந்தாள். அடுப்படி மேசையில் வைத்து மூடியைத் திறந்து, ஒரு ஸ்பூனில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, பெரியவளின் முகத்தையே பார்த்தபடி நின்றாள். இப்போது அந்தப் பார்வைக்கு அர்த்தம் இருவருக்கும் தெரியும்.

பெரியவள் ஸ்பூனை வாயில் வைத்தாள்.

முதலில் இனிப்பு. அடுத்த நொடியே அதை அறுத்துக்கொண்டு ஒரு புளிப்பு. பிறகு விறகுப் புகை, ஈர மண், நன்றாகப் பழுத்துத் தரையில் விழுந்த பழத்தின் மணம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முழுங்கிய பிறகும் போகாமல் நாக்கின் அடியில் நின்றன. இத்தனை வருஷத்தில் அவள் அப்படி ஒன்றைச் சாப்பிட்டதில்லை. 'இது பலகையில் ஏறினால் ஊரே திரண்டு வரும். இவளைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும்' என்று தோன்றியது.

புருவத்தை அசையவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உதட்டைச் சுளித்தாள்.

"சேச்சே. மருந்து மாதிரி இருக்கு. இதை யாரு தின்னுவா?"

சின்னவளின் முகம் சுண்டிப்போனது. "கொஞ்சம்கூட நல்லா இல்லையாக்கா?"

"நான்தான் சொல்றேன்ல."

சின்னவள் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள். மறுநாளே லாரிக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். போனில் சொல்ல மனசு வரவில்லை என்றாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டார் பெரியவளின் கணவர்.

"ஒண்ணும் சொல்லல மாமா. சிரிச்சாரு. எனக்கும் சந்தேகமாத்தான்மா இருந்துச்சு, சொந்தக்காரங்க மரியாதைக்கு நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பாங்கன்னாரு. பக்கத்துல பன்றிப் பண்ணைக்காரரைக் கூப்பிட்டு மொத்தத்தையும் எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாரு. நான் நிக்கும்போதே டிரம்மை உருட்டிட்டுப் போனாங்க."

பெரியவள் எழுந்து சரக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு முகச்சுளிப்பு இவ்வளவு தூரம் போகும் என்று அவள் நினைக்கவில்லை. போனால் போகட்டும் என்று இன்னொரு பக்கம் மனசு சொன்னது. ஆனால் அந்த முதல் பாட்டிலை அவள் வீசவில்லை. மாவு டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். தினமும் சாமான் எடுக்கப் போகிற சாக்கில் ஒரு ஸ்பூன் எடுத்து நக்கிக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் அது முன்னைவிட நன்றாக இருந்தது. அதுவே அவளுக்குத் தண்டனையாகவும் இருந்தது.

ஒரு மத்தியானம் மாவு எடுக்கப் போன அவள் கணவர் அந்தப் பாட்டிலோடு வெளியே வந்தார். விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். சுட்டு வைத்திருந்த பூசணித் துண்டுகள் மேல் அதைச் சுற்றி ஊற்றி, மேலே ஆட்டுப்பால் சீஸை உதிர்த்து, நாலு மேசைக்கு அனுப்பிவைத்தார். பெரியவள் அப்போது மார்க்கெட் வியாபாரியோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே வந்தபோது நாலு தட்டும் துடைத்து வைத்தது போலத் திரும்பி வந்திருந்தன. சாப்பிட்டு முடித்த முதியவர் ஒருவர் அடுப்படி வாசலுக்கே வந்து நின்று, "அந்தக் கறுப்பா இருந்துச்சே, அது என்ன தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதோ வந்துட்டா, கேளுங்க," என்றார் கணவர், சின்னவளைக் காட்டி. "ஏம்மா, இந்தப் புதுச் சரக்கு எங்க பிடிச்ச? பத்துப் பாட்டில் வாங்கிட்டு வா. இருவதுன்னாலும் சரி."

சின்னவள் பாட்டிலைப் பார்த்தாள். அது பாதிக்கு மேல் காலியாக இருந்தது. பாட்டிலுக்குள் ஒரு ஸ்பூன் செருகி இருந்தது. பெரியவள் எப்போதும் ருசி பார்க்கிற ஸ்பூன் அது என்று அவளுக்குத் தெரியும்.

"அக்கா," என்றாள். குரல் உயரவே இல்லை. "இது நல்லா இருக்கா?"

பெரியவள் அடுப்பைப் பார்த்தாள். "நல்லா இருக்கு."

"அன்னிக்கு?"

"அன்னிக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

கணவர் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சின்னவள் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "எனக்கு வாசனையும் ருசியும் போயிடுச்சு மாமா. அக்காவை நம்பித்தான் எல்லாம் செஞ்சேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள். பின்வாசலில் வேன் கிளம்பும் சத்தம் கேட்கவில்லை. நடந்தே வீட்டுக்குப் போயிருந்தாள்.

அதன்பிறகு சின்னவள் பண்ணைப் பக்கமே போகவில்லை. கடைக்கு வந்தாள், மேசை துடைத்தாள், யாரோடும் உட்கார்ந்து பேசவில்லை. கரும்பலகை வெறுமையாக நின்றது. மழை பெய்து அதில் கோடு கோடாகத் தூசி இறங்கியது. பெரியவளை யாரும் திட்டவில்லை. கொழுந்தன் மட்டும், சாப்பிட உட்காரும்போது அவள் பரிமாற வந்தால், தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனான். முன்னெல்லாம் "அண்ணி, இன்னும் கொஞ்சம்" என்று கேட்டு வாங்கித் தின்றவன்.

பெரியவள் பஸ் பிடித்து, இறங்கி நடந்து, வழி கேட்டுக் கேட்டு லாரிக்காரரின் தோட்டத்துக்குப் போனாள். அவர் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"உங்க பாகு அருமையான பாகு," என்றாள் எடுத்த எடுப்பிலேயே. "நான்தான் பொய் சொன்னேன். அந்தப் பொண்ணுக்கு ருசி தெரியாது. என் பேச்சை நம்பி உங்ககிட்ட வந்து சொன்னா."

"பன்னிங்க நல்லாத் தின்னுச்சுங்களாம்," என்றார் அவர். "ஏம்மா, என் பாகு மேல உங்களுக்கு என்ன கோவம்?"

"பாகு மேல இல்லீங்க."

"அந்தப் பொண்ணு மேலயா?"

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவரும் வற்புறுத்தவில்லை. பிந்திப் பழுக்கிற மரங்கள் இன்னும் சிலது மிச்சம் இருப்பதாகவும், ஒரு அண்டாவுக்குத் தேறும் என்றும் சொன்னார். பெரியவள் அதைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னபோது மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"உங்களுக்குக் குடுக்கறதுக்கில்ல. அந்தப் பொண்ணு வந்தா குடுப்பேன். அது கேட்டுச்சுன்னுதான் நான் அடுப்பே மூட்டினேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெரியவள் அதையே நினைத்தாள். தப்பை ஒத்துக்கொள்ள இவ்வளவு தூரம் வந்தும், அங்கேயும் அவள்தான் வேண்டுமாம். நினைக்கும்போதே மறுபடி வயிற்றில் அந்த எரிச்சல். தன்மேலேயே அவளுக்கு அலுப்பாக வந்தது.

சின்னவள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள்.

"நீ வந்தாத்தான் தருவாராம்."

"நான் எதை நம்பிக்கா போறது? நாளைக்கு மறுபடியும் உங்களுக்கு என்மேல கோவம் வந்தா?"

"வரும்," என்றாள் பெரியவள். "வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன். உன்னைப் பார்த்தாலே ஜனங்க சிரிக்கிறாங்க. என்னைப் பார்த்தா கணக்குக் கேக்க வந்தவ மாதிரி எழுந்து நிக்கறாங்க. எரியத்தான் செய்யும்."

சின்னவள் துணியைக் கீழே வைத்தாள். அவள் கண்களில் இன்னும் கோபம் இருந்தது. "அப்ப நீங்களும் கூட வாங்க. இனிமே அடுப்படியில வச்சு என்கிட்ட சொல்ல வேண்டாம். செஞ்சவங்க முன்னாடியே நின்னு தின்னுங்க. நல்லா இல்லைன்னா அவங்க முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்க. தூது போக என்னால முடியாது."

அடுத்த விடுமுறைக்கு இருவரும் போனார்கள். வழியில் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. லாரிக்காரர் சின்னவளுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பெரியவளுக்குப் பேரிக்காய்ப் பெட்டி ஒன்றைக் காலால் தள்ளிவிட்டார். சுடச்சுட ஒரு ஸ்பூன் பாகை நீட்டினார்.

பெரியவள் வாயில் வைத்தாள். சங்கடமாகிவிட்டது. பாகு தண்ணீராக இருந்தது. இனிப்பு தனியாக, புளிப்பு தனியாக நின்றது. இவர்கள் வருகிறார்கள் என்று மனிதர் அவசரப்பட்டு இறக்கியிருக்கிறார்.

நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். இல்லை என்றால், பழைய குணம் போகவில்லை என்றுதான் இரண்டு பேரும் நினைப்பார்கள். சின்னவள் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவள் அவரை நேராகப் பார்த்தாள். "இது அது இல்லீங்க. சீக்கிரம் இறக்கிட்டீங்க. இன்னும் சேரல."

சின்னவளின் முகத்தில் நம்பலாமா வேண்டாமா என்ற குழப்பம் அப்பட்டமாகத் தெரிந்தது. அதைப் பார்த்தபோது பெரியவளுக்கு, அடி வாங்கியிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது என்று இருந்தது.

லாரிக்காரர் அதே ஸ்பூனை அண்டாவில் விட்டு எடுத்து, ஊதி, நக்கிப் பார்த்தார். இன்னொரு தடவை நக்கினார்.

"ஆமா," என்றார். "விருந்தாளி வர்ற நேரத்துல அடுப்படியில நிக்க வேண்டாமேன்னு இறக்கிட்டேன்."

சின்னவள் நீளமாக மூச்சு விட்டாள்.

அண்டாவை மறுபடி அடுப்பில் ஏற்றினார்கள். கிண்டுவதற்கு ஆள் வேண்டும் என்று நீளமான மரத் துடுப்பைப் பெரியவள் கையில் கொடுத்துவிட்டு, அவர் சின்னவளின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். லாரி ஓட்டிய காலத்தில் ஒரு முறை தூக்கக் கலக்கத்தில் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணப் பந்தலுக்குள் வண்டியை விட்டதை அவர் சொல்ல, சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரொம்ப நாளுக்குப் பிறகு அவள் சிரிப்பது அன்றுதான். பெரியவள் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவர்களையே பார்த்தாள். மூன்றாவது நாற்காலி ஒன்று சும்மா சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதை எடுத்துப் போட இந்த மனிதருக்குத் தோன்றவில்லையே என்று எரிச்சல் வந்தது.

"அடி பிடிக்குதும்மா, கிண்டுங்க!" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார் லாரிக்காரர்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிண்டினாள். பாகு மெல்லக் கறுத்து, துடுப்பில் கனக்கத் தொடங்கியது. சின்னவள் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். ஸ்பூனில் கொஞ்சம் எடுத்து, ஆறட்டும் என்று ஊதி, நீட்டினாள்.

"இப்ப இறக்கலாமாக்கா?"

பெரியவள் ருசித்துப் பார்த்தாள். "இல்ல. இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்."

"சரி," என்று சொல்லிவிட்டுச் சின்னவள் இன்னொரு விறகை எடுத்து அடுப்பில் வைத்தாள்.